தறிக்குழியில் இறங்கிய செருப்பு

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெரு விடியுமுன்பே விழித்துவிடும். தெரு நீளத்துக்குப் பாவு விரித்துக் கஞ்சி போடுவார்கள். பிறகு நாள் முழுக்கத் தறிச்சத்தம்தான். பெரியப்பா குழித்தறியில் உட்கார, பக்கத்தில் கோர்வை நாடா தள்ளுவது என் வேலை. அந்தக் குழிக்குள் ஒருநாள் ரத்தம் பார்த்தேன். மிதிக்கட்டையில் துருத்திய ஆணி அவர் பாதத்தைக் கிழித்திருந்தது. அவரோ ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி மிதித்துக்கொண்டே இருந்தார்.

தொழுநோய். வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. பட்டும் ஜரிகையும் முதலாளியுடையவை. விஷயம் கசிந்தால் தறி நின்றுபோகும். அதனால் நர்ஸம்மா விளக்கு வைத்தபிறகு கொல்லை வழியாக வருவார்.

வேலூர் பக்கம் கரிகிரியில் பயிற்சி பெற்றவர். தொழுநோயில் சதை தானாக அழுகுவதில்லை, உணர்ச்சி செத்ததால் காயம் தெரியாமல் போவதே வினை என்று 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் கண்டு சொன்னதை, நான் பெரியவனாகித்தான் படித்தேன். நர்ஸம்மா அதை எங்கள் கொல்லையில் செய்து காட்டிக்கொண்டிருந்தார். "வெந்நீர் வேணாம்டா கண்ணு, சுட்டாலும் பெரியப்பாவுக்குத் தெரியாது" என்று பச்சைத் தண்ணீரைத்தான் இறைக்கச் சொல்வார். பாதம் பேசினில் நன்றாக ஊறியதும், காய்த்த தோலைக் கல்லால் தேய்த்து, விரலிடுக்கெல்லாம் ஒற்றி, ஈரம் உலருமுன் தேங்காயெண்ணெய் தடவுவார். அப்புறம் அந்தக் காலை மடியில் வைத்து, அரிக்கேன் விளக்கைக் கிட்ட இழுத்து, அறுந்த இழை தேடும் நெசவாளியைப் போலப் புண் தேடுவார். நாற்றத்துக்கு நான் மூக்கைப் பிடிப்பேன். அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

"உங்களுக்கு எதுக்கும்மா இந்தத் தலையெழுத்து?" என்றார் பெரியப்பா.

"எங்க சாமியே செஞ்ச வேலைதானுங்க" என்று கட்டுத்துணியை இறுக்கினார். ஏசுவைப் பற்றி எங்கள் வீட்டில் அவர் பேசியது அவ்வளவுதான்.

ஒரு பெரிய வியாழனன்று என்னை அவர்களுடைய கோயிலுக்குக் கூட்டிப்போனார். சாமியார் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவி முத்தமிட்டார். எல்லாமே வீட்டிலேயே தேய்த்துக் குளித்துவிட்டு வந்த பாதங்கள்! சடங்கைக் குறை சொல்லவில்லை. எங்கள் கொல்லை பேசினைப் பார்த்தவனுக்கு அது கொஞ்சம் சுலபமாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

புண் ஆறியதும் மைக்ரோ செல்லுலார் ரப்பர் செருப்பு ஒரு ஜோடி கொண்டுவந்தார். தறியிலும் போட்டுக்கொள்ளச் சொன்னார். பாட்டி கொதித்துவிட்டாள். சரஸ்வதி பூஜைக்குப் பொட்டு வைக்கும் தறியில் செருப்பா?

"காலு போயிட்டா அப்புறம் தறி யாருக்கும்மா?" என்றார் நர்ஸம்மா.

பாட்டி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் செருப்பைக் கழுவி, வார் இரண்டிலும் மஞ்சள் குங்குமம் வைத்து, அவளே குழிக்குள் இறக்கிவைத்தாள்.