எந்த மாதத்துக் கருப்பட்டி?

உடன்குடி,
வைகாசி.

திருச்செந்தூரைத் தாண்டித் தெற்கே வந்தால் தேரிக்காட்டுச் செம்மணல். அதில் பனை. இந்த வெயிலில் மற்றதெல்லாம் வாடிக் கிடக்க, பனைக்கு மட்டும் இதுதான் பருவம்.

பங்குனி வாக்கில் தொடங்கி ஆவணி வரை பதநீர் இறங்குகிறது. பனையேறி காலையும் மாலையும் மரமேறுகிறார். பாளையின் நுனியை மெல்லிதாகச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுகிறார். எல்லாம் அந்தச் சுண்ணாம்பின் அளவில்தான் இருக்கிறது. குறைந்தால் பதநீர் புளித்துவிடும், பாகு இறுகாது. கூடினால் கருப்பட்டி காறும். இரவுப் புழுக்கம் மிகுந்தால் புளிப்பும் விரைவாக ஏறும் என்பதால், அன்றன்றைய வானிலை பார்த்தே கை அளக்கிறது.

வானிலை சுவையை மாற்றுவது ஒயினிலும் உண்டு. பிரான்சின் போர்தோவில் சிவப்பு ஒயின் புட்டியில் அறுவடை ஆண்டைப் போடுகிறார்கள். 2003 கோடையில் ஐரோப்பாவே வெந்தபோது திராட்சை முன்கூட்டியே பழுத்தது. இனிப்பு ஏறி, புளிப்புக் குறைந்தது. அங்கே சாற்றை ஒயினாக்கும் அதே ஈஸ்ட்டைத்தான் உடன்குடிக்காரர்கள் கலயத்துக்குள் அண்டவிடாமல் காக்கிறார்கள். விட்டால் கள்ளாகிவிடும், தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. திராட்சைக்காவது ஆண்டுக்கு ஓர் அறுவடை. பனைக்கோ தினமும் விடியலில் ஓர் அறுவடை. ஒரு கோடை மழை பெய்தால் போதும், கலயத்தில் தண்ணீர் சேர்ந்து அன்றைய பதநீர் நீர்த்துவிடும், விறகும் நனையும். ஆனி, ஆடியில் மேல்காற்று வீசும்போது மர உச்சி ஆடுகிற ஆட்டத்தில் ஏறுவதே பெரும்பாடு.

பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலிக்குள் பெரும்பாலும் பெண்களே காய்ச்சுகிறார்கள். அடுப்பில் பனையோலையும் மட்டையும் எரிகின்றன. பதநீர் நுரைத்துப் பொங்கி விளிம்புக்கு வரும்போது ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டால் அடங்கிவிடுகிறது. பிறகு நிறம் மாறுகிறது, குமிழ்கள் பெரிதாகின்றன. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்க்கிறார் காய்ச்சுபவர். உருண்டால் பதம். ஒரு நொடி தவறினால் அடிப்பிடித்துக் கசக்கும். இறக்கி, கிண்டி, சிரட்டைகளில் ஊற்றுகிறார். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறக்குறைய 8 முதல் 10 லிட்டர் பதநீர் வற்றியாக வேண்டும். அந்த வெக்கையில் நின்றவர்களுக்குத்தான் விலையின் நியாயம் புரியும்.

ஐப்பசியில் மழை பிடித்தால் இருப்பில் உள்ள கருப்பட்டி ஈரம் உறிஞ்சி இளகும். அதனால் அடுப்புக்கு மேலே பரண் கட்டிப் புகையில் வைப்பதும் உண்டு. அந்த வாசம் தனி.

உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப்பெயருக்கு அது காவல். காய்ச்சிய மாதத்தையும் பொட்டலத்தில் போட்டுவிட்டால், அந்தக் கோடையின் உழைப்புக்கும் கணக்கு இருக்கும்.

அதுவரை கடையில் நீங்களே கேளுங்கள். கார்த்திகையிலும் தையிலும் ஒருவர் “நேற்றுக் காய்ச்சியது” என்றால், பதநீரே இறங்காத நாளில் எதைக் காய்ச்சினார், சீனிப்பாகையா என்று இன்னொரு கேள்வியும் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.