குழாயடியில் ஒரு நிமிடம்

மாலை நாலரை மணி. பெண்கள் மனநல வார்டு. தங்கை தூங்கி எழட்டும் என்று வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். கம்பிக் கதவுக்கு உள்ளே டீ கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாம் கட்டிலருகே ஓர் அம்மா இரண்டு காதையும் பொத்தியபடி நிற்கிறார். "திட்டுறாங்க, திட்டுறாங்க..." நீட்டிய டம்ளரைத் தட்டிவிடுகிறார். டீ அப்படியே சிஸ்டரின் வெள்ளைக் கோட்டில். ஆயாம்மா அதட்ட வாயெடுக்க, சிஸ்டர் கையமர்த்துகிறார்.

ஒன்றும் சொல்லாமல் வாஷ்பேசினுக்குப் போகிறார். மேலே கை கழுவும் முறை ஒட்டியிருக்கிறது: சோப்பும் தண்ணீரும், 40 முதல் 60 விநாடி. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், விரல்நுனி. எதையும் விடவில்லை, எதற்கும் பறக்கவில்லை. ஏறியிருந்த தோள், கட்டைவிரலுக்கு வருவதற்குள் இறங்கிவிட்டது.

திரும்பி வந்து, எதிரே நிற்காமல் பக்கவாட்டில், கைக்கெட்டாத தூரத்தில் நிற்கிறார்.

"திட்டினா திட்டட்டும்மா. கால் எதுமேல இருக்கு?"

"...தரையில."

"தரை எப்படியிருக்கு?"

நெடுநேரம் கழித்து, "சில்லுனு."

'யாரும் திட்டலை' என்று வாதாடவுமில்லை, 'ஆமாம்' என்று ஒத்து ஊதவுமில்லை. வீட்டில் தங்கையிடம் நான் எத்தனை முறை வாதாடித் தோற்றிருக்கிறேன்!

1979-இல் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கிய எட்டு வார மனக்கவனப் பயிற்சியில், ஒரே ஓர் உலர் திராட்சையைப் பார்த்து, முகர்ந்து, மெல்ல மென்று தின்னச் சொல்வார்கள். இங்கே திராட்சைக்குப் பதில் எவர்சில்வர் டம்ளர். கண்ணை மூடச் சொல்லவில்லை. குரல் கேட்பவர்களை நெடுநேரம் மௌனத்தில் விட்டால் அந்தக் குரலே ஓங்கிவிடக்கூடும். அதனால் சின்னச் சின்னக் கேள்விகள், திறந்த கண்கள், ஐந்தே நிமிடம்.

சிஸ்டர் மறுபடி டீ டம்ளரை நீட்டுகிறார். "இது எப்படியிருக்கு?"

அம்மா இரு கையாலும் டம்ளரைப் பிடித்துப் பார்க்கிறார். காதுகள் இப்போது திறந்திருக்கின்றன.

"வெதுவெதுன்னு."

"இன்னும் திட்டுறாங்களா?"

"திட்டுறாங்க" என்கிறார். ஒரு வாய் டீ குடிக்கிறார்.

சிஸ்டர் மணி பார்த்துக் கேஸ் ஷீட்டில் ஏதோ எழுதுகிறார். கோட்டில் கறை காய்ந்துகொண்டிருக்கிறது. ஆறாம் கட்டிலிலிருந்து அடுத்த கூப்பாடு.

போகிற வழியில் மறுபடி குழாயைத் திறக்கிறார்.