அம்மா கொடுத்த சீர்

நெய்வேலி வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லவும் வேண்டுமா? அந்த வெயிலில், முதலில் அப்பாவுடைய குவார்ட்டர்ஸ், பிறகு அண்ணாவுடையது என்று நாற்பது வருஷம் வடாம் பிழிந்தவள் என் அம்மா. சென்ற வருஷம் கொல்லைப்படியில் வழுக்கி உட்கார்ந்தாள், இடுப்பெலும்பு முறிந்தது. ரத்தத்தைச் சோதித்த டாக்டர், "வைட்டமின் டி குறைவு" என்றார். சிரிப்பதா, அழுவதா?

விடியற்காலையில் பிழிந்துவிட்டு வெயில் ஏறுமுன் உள்ளே வந்துவிடுவாள். காய்ந்தது வடாம்தான்!

வெயிலில் நின்றாலும் போதாதாம். தோலில் உண்டாகும் டியைக் கல்லீரலும் சிறுநீரகமும் மாற்றித் தர வேண்டும். ரத்தத்தில் அதைச் சுமந்து செல்ல ஒரு புரதம் வேண்டும். இவற்றுக்கான மரபணுக்கள் ஆளுக்கு ஆள் சற்று வேறுபடும். எலும்பின் தலையெழுத்தில் பெரும்பகுதி, டியை ஏற்கும் ஒரே மரபணுவில் இருப்பதாக 1994-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் சொன்னார்கள். பிற்பாடு பார்த்தால் அதன் பங்கு சொற்பம். எத்தனையோ மரபணுக்கள் பாகம் பிரித்துக்கொண்டிருக்கின்றன. கூட்டுக் குடும்பத்துச் சொத்து மாதிரி!

"உங்கள் பாட்டிக்கு?" என்றார் டாக்டர். பாட்டியின் கூன் முதுகு கண்ணெதிரே வந்தது. தாய்க்கு இடுப்பு முறிந்தால் பிள்ளைகளுக்கும் அபாயம் கூடுதலாம்.

அம்மாவின் தோட்டுக்காக அக்காவோடு நான் போட்ட சண்டை உண்டே, சகோதரிகளே! மறுநாள் ரத்தம் கொடுக்க இருவரும் ஒரே வரிசையில் நின்றோம்.