முகம் சிவத்தல்

தமிழ்க் கதைகளில் முகம் சிவந்தால் கோபம், இல்லையேல் நாணம். குன்னூரில் வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என் முகத்துக்கு மூன்றாவது அர்த்தமும் கிடைத்தது: குடி. மேலதிகாரி என்னோடு பேசும்போது மூச்சை இழுத்துப் பார்ப்பது தெரிந்தது. நான் குடிப்பவனல்ல. ஆனால் யாரும் கேட்காதபோது மறுப்பது எப்படி?

மருந்துக் கடையில், சீட்டில்லாமல், ஒரு களிம்பு வாங்கினேன். பத்தே நாளில் முகம் தெளிந்தது. பிறகு ஒரு நாள் விட்டாலும் இரு மடங்காகத் திரும்பியது. அதில் ஸ்டீராய்டு இருந்தது. 14 ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று 2018இல் மத்திய அரசு ஆணையிட்டிருந்தது. புத்தகங்களை வரி வரியாகப் படிப்பவன் என்று பெயர் வாங்கிய நான், அந்தக் குழாயின் மேல் அச்சிட்டிருந்ததைப் படிக்கவில்லை.

கோயம்புத்தூரில் தோல் மருத்துவர் ரத்தம் எடுக்கவில்லை. ரோசேசியாவைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை கிடையாது, பார்ப்பதும் கேட்பதும்தான். கறுத்த தோலில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது, அதனால் பலருக்கும் முகப்பரு என்றே வருஷங்கள் போய்விடும் என்றார். பிறகு, "கண் எரியுமா, சிவக்குமா? இது கண்ணையும் பிடிக்கும்" என்றார்.

அப்போதுதான் அந்தத் தோட்டத் தொழிலாளி ஞாபகத்துக்கு வந்தார். சிவந்த கண்களோடு கவுண்டரில் நின்றவர். "தெளிஞ்சதும் வாங்க" என்று திருப்பி அனுப்பினேன். அவருக்கு என்னவென்று எனக்கு இன்றும் தெரியாது. தெரியாது என்பது அன்று தோன்றவில்லை.

ரோசேசியா அடியோடு தீராது, அடக்கிவைக்கலாம். களிம்பை நிறுத்திய முதல் வாரங்களில் முகம் முன்னைவிட எரிந்தது. பிறகு மெட்ரோனிடசோல் ஜெல், தினமும் சன்ஸ்கிரீன். மலையில் குளிர் ஏமாற்றுகிறது: 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். எது தூண்டுகிறதென்று நோட்டில் குறிக்கச் சொன்னார். வெயில், காற்று, மிளகாய், கொதிக்கும் டீ. டீயில் குற்றவாளி சூடுதான், இலையல்ல. நான் எழுதியவற்றில் அபிப்பிராயமே இல்லாத உரைநடை அந்த நோட்டில் இருப்பதுதான்.

இப்போது டீயை ஆறவைத்துக் குடிக்கிறேன். "ஆறிப்போச்சே சார், வேற போடவா?" என்கிறார் கடைக்காரர். கவுண்டரில் யார் வந்தாலும் முதலில் பாஸ் புத்தகத்தைத்தான் பார்க்கிறேன். அதிலும் ஒரு கோழைத்தனம் இருக்கிறது.