பூட்டிய வீடும் நாய்க்குட்டியும்

மனிதனோடு கூடி வாழத் தலைப்பட்ட விலங்குகளுள் நாயே மூத்தது. ஜேர்மனியின் பொன் நகரைச் சார்ந்த ஒபர்காசல் என்னுமிடத்தில் 1914ஆம் ஆண்டு வெளிப்பட்ட புதைகுழியொன்றில், ஓர் ஆணினதும் ஒரு பெண்ணினதும் எலும்புகளோடு நாய்க்குட்டி ஒன்றின் எலும்புகளும் காணப்பட்டன. அவை ஏறத்தாழ 14,000 ஆண்டுகள் பழைமையானவை. இறக்கும்போது குட்டியின் வயது ஏழு மாதமளவில் இருந்திருக்கலாம் என்றும், கடும் நோயுற்ற அதனை யாரோ சில வாரங்கள் பேணியிருத்தல் வேண்டும் என்றும் அதன் பற்களை ஆராய்ந்தோர் கூறுவர். வேட்டைக்கு உதவாத குட்டியொன்றின் அருகே மனிதர் காத்திருந்தனர் என்பதே இதன் பொருள். தமிழ் மரபிலும் நாய்க்கு இருவகை இடமுண்டு. மாணிக்கவாசகர் தம்மைத் தாழ்த்திக் கூறுவதற்கு நாயையே தேர்ந்தார்; நாலடியாரோ நட்பைப் பேசுமிடத்து யானையினும் நாயை மேலாக வைத்தது.

ஆயினும் பழைய நாய் பெரிதும் அறியாத துன்பமொன்றை இக்கால நாய் அறியும். அது பூட்டிய வீட்டினுள் தனித்திருத்தல். வேலியும் படலையும் கொண்ட வளவில் வளர்ந்த நாய் வெயிலுக்கு வேப்பமர நிழலையும் மழைக்குத் தாழ்வாரத்தையும் தானே தேடிக்கொண்டது. அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில் அதற்கு எஞ்சுவது நான்கு சுவர்களே.

வெள்ளவத்தையில் அத்தகைய மாடிவீடொன்றில் வாழும் ஆசிரியை ஒருவரிடம் பத்து வாரப் பொமரேனியன் குட்டி ஒன்று வந்து சேர்ந்தது. கணவரை இழந்தவர், மகளும் மகனும் கடல் கடந்து வாழ்பவர்கள். தாயின் தனிமைக்குத் துணையாகட்டும் என்று நண்பர் ஒருவர் மூலம் மகன் அனுப்பிய பரிசு அது. துணையாக வந்த அக்குட்டியே தனித்துவிடப்பட வேண்டியதாயிற்று. காலை ஆறே முக்காலுக்குப் பாடசாலைக்குப் புறப்படும் ஆசிரியை வீடு திரும்பப் பிற்பகல் இரண்டு மணியாகும். முதல் நாள் அவர் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுச் சென்றார். திரும்பியபோது குளிர்சாதனப் பெட்டியின் மின்வயரில் பற்தடம் பதிந்திருந்தது. உறை கிழிந்திருந்தது, உள்ளிருந்த செம்பு மட்டும் தப்பியிருந்தது. அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை.

“சங்கிலியிலை கட்டிவிடுங்கோ ரீச்சர், எங்கடை ஊரிலை வேறையென்ன செய்தனாங்கள்?” என்றார் கீழ்மாடி முதியவர். ஆனால், ஆளில்லா வீட்டில் கட்டப்பட்ட சிறுகுட்டியின் கழுத்தைச் சங்கிலி சுற்றிக்கொண்டால் அவிழ்த்துவிட எவருமிலர். கடைக்காரர் கம்பிக் கூடொன்றைக் காட்டினார். நாயின் மூதாதை குகையில் வாழ்ந்தமையால் அடைபட்ட இடமே அதற்கு இன்பந்தரும் என்பது அவர் வாதம். இவ்வாதம் பரவலாக வழங்குவது. ஆயினும் பாதியே உண்மையானது. ஓநாய் குகையை நாடுவது பெரும்பாலும் குட்டி ஈனும் காலத்திலேயே. குட்டிகள் சில வாரங்களில் வெளியே வந்துவிடுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, அக்குகைக்குக் கதவில்லை.

கூடு பயனற்றது என்பதன்று இதன் கருத்து. தான் உறங்குமிடத்தை அசுத்தப்படுத்த நாய் விரும்புவதில்லை. ஆகவே எழுந்து நிற்கவும், சுற்றித் திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் போதிய அளவான கூடு, சிறுநீரை அடக்கப் பழகுவதற்கு நன்கு உதவும். வேண்டியதினும் பெரிதாயின் குட்டி ஒரு மூலையில் உறங்கி மறு மூலையைக் கழிப்பிடமாக்கிக்கொள்ளும். எனினும் உடலின் ஆற்றலுக்கு எல்லையுண்டு. மாதக் கணக்கோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணித்தியாலங்களுக்கு மேல் குட்டி அடக்கிக்கொள்ளும் என எதிர்பார்த்தலாகாது என்பது வளர்ப்போர் கைக்கொள்ளும் பொதுக்கணக்கு. இரண்டரை மாதக் குட்டிக்கு அது மூன்றரை மணித்தியாலம்; ஆசிரியை இல்லாத நேரமோ ஏழேகால் மணித்தியாலம். அத்தனை நேரம் கூட்டில் அடைத்தால், எதை வெறுக்கின்றதோ அதையே செய்யுமாறு குட்டியை வற்புறுத்துவதாகும்.

சிற்றின நாய்க்கு இன்னுமொரு நலிவும் உண்டு. வளர்ந்த பின்னும் சிற்றுருவாகவே இருக்கும் பொமரேனியன், குட்டிப் பருவத்தில் நெடுநேரம் உணவின்றியிருப்பின் குருதியில் சர்க்கரை குறைந்து தளரும், வலிப்பும் வரலாம். நாளுக்கு மூன்று நான்கு முறை சிறிது சிறிதாக ஊட்டவேண்டிய உயிர் அது. அடர்ந்த மயிரும் நாவால் இளைத்தே சூட்டைத் தணிக்கும் இயல்பும் கொண்ட அதற்குக் கொழும்பின் புழுக்கத்தில் மூடிய பிளாஸ்ரிக் பெட்டி ஏற்றதன்று.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தும் ஆசிரியையால் ஒரு முடிவுக்கு வர இயலவில்லை. ஞாயிறு மாலை கனடாவிலிருந்து அழைத்த மகளிடம் குறைகூறினார். “வாயில்லாச் சீவனைப் பூட்டிவைக்க மனம் வருகுதில்லை, பிள்ளை” என்றார்.

சற்று மௌனத்தின் பின் மகள் சொன்னாள்: “எங்களையும் பூட்டிவைச்சனீங்கள் தானே, அம்மா.”

அது 1996ஆம் ஆண்டு. கணவர் மறைந்த பின் வாடகை அறையொன்றில் எட்டு வயது மகளையும் ஐந்து வயது மகனையும் வைத்து வெளியே பூட்டுப் போட்டுவிட்டு, மாலை வகுப்புகளுக்கு அவர் ஓடித்திரிந்த காலம். வேறு வழி இருக்கவில்லை. அதனாலேயே அதைப் பற்றி அவர் பேசியதுமில்லை, பிள்ளைகளிடம் கேட்டதுமில்லை.

“பூட்டினது எங்களுக்குப் பயமில்லை” என்று தொடர்ந்தாள் மகள். “சில நாள் ஆறு மணிக்கு வருவியள், சில நாள் எட்டு மணி. எப்ப வருவியள் எண்டு தெரியாததுதான் பயம். தம்பி கதவடியிலையே படுத்திருப்பான்.”

அதில் குற்றச்சாட்டு இல்லை. ஆசிரியைக்கு அதுவே பெரிதும் வலித்தது.

மறுவாரம் தொடங்கிய பாடசாலை விடுமுறையில் அவர் கூட்டையும் வாங்கினார், அடைப்பையும் வாங்கினார். அறுபது சென்ரிமீற்றர் அகலமும் அதேயளவு உயரமும் கொண்ட எட்டுக் கம்பித் தட்டிகளைக் கூடத்து மூலையில் பொருத்தியபோது, நாற்புறமும் நாலடியளவான சிறு வளவொன்று உருவாயிற்று. கம்பிகளுக்கிடையே குட்டியின் தலை புகாதவாறு பார்த்துக்கொண்டார். மேல்வெயில் படாத இடம். எந்த வயரும் எட்டாத இடம். ஒரு மூலையில் கதவு கழற்றிய கூடு, அதனுள் அவரது பழைய சேலைத் துண்டு. எதிர் மூலையில் பழைய பத்திரிகைத் தாள். இடையே கவிழாத தண்ணீர்க் கிண்ணம். கம்பியில் மாட்டிக்கொள்ளாதிருக்கக் கழுத்துப்பட்டியைக் கழற்றிவிட்டார். உறங்குமிடமும் கழிக்குமிடமும் வேறாயின. குட்டி தானே தெரிந்துகொள்ளத்தக்கதாக இரண்டும் அதன் முன் இருந்தன.

எனினும் கம்பியாலானது இதில் பாதியே என்பதை மகளின் சொல் உணர்த்தியிருந்தது. முதல் நாள் அவர் கதவுக்கு வெளியே ஒரு நிமிடம் நின்று திரும்பினார். பின்னர் ஐந்து நிமிடம், கால் மணித்தியாலம், சந்தைக்குப் போய்வரும் நேரம். ஆரவாரமின்றிச் சென்றார், ஆரவாரமின்றி வந்தார். சென்றவர் வருவார் என்பதைக் குட்டி சொல்லால் அறியாது. பலமுறை கண்டே அறியும். பாடசாலை தொடங்கியபின் பத்தரை மணிக்குக் கீழ்மாடி முதியவர் திறப்போடு வந்து உணவூட்டித் தாளை மாற்றினார். சங்கிலியைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை. ஆசிரியையும் பாடசாலை முடிந்த பின் எங்கும் தாமதிப்பதில்லை.

மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் அவர் கதவைத் திறந்தபோது குட்டி ஊளையிடவில்லை. கூட்டினுள்ளே சேலைத் துண்டின்மேல் உறங்கிக்கொண்டிருந்தது. கரையோரப் புகையிரதம் இரைந்து சென்றும் விழிக்காதது, செருப்பைக் கழற்றும் ஓசைக்கு ஒரு காதை மட்டும் உயர்த்தியது.

அவர் படலையைத் திறந்துவிட்டு அதனருகே நிலத்தில் அமர்ந்தார். அன்றிரவு மகனுக்குத் தாமே தொலைபேசியில் அழைப்பெடுத்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிந்திய கேள்வியொன்று அவரிடம் கேட்கப்படவேண்டியிருந்தது.