அக்கா இளைத்த கதை

நாற்பத்தைந்து வயதைத் தொட்ட எந்த வீட்டு அம்மாளையும் கேட்டுப் பாருங்கள். உடம்பு இளைப்பதற்கு அவருக்கு ஏழெட்டு வழி தெரிந்திருக்கும். காலையில் வெந்நீரில் எலுமிச்சம்பழமும் தேனும்; ராத்திரி வெறும் கஞ்சி; வாரத்தில் இரண்டு நாள் பட்டினி; கொள்ளு ரசம்; சீரகத் தண்ணீர். எல்லா வழியிலும் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்திருப்பார். போன வேகத்தில் திரும்பியும் வந்திருப்பார். வழி தெரியாமல் யாரும் பருமனாக இருப்பதில்லை, சகோதரிகளே! தெரிந்த வழியில் எத்தனை மாதம் நடக்க முடிகிறது என்பதில்தான் சங்கடம்.

என் பெரிய அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். மயிலாப்பூரில் வாசம். மாமியார், புருஷன், காலேஜில் படிக்கும் பிள்ளை, அவள், ஆக வீட்டில் நாலு பேர். மூன்று வருஷத்துக்கு முன்பு அவளுக்கு வயது 47. எடை 76 கிலோ. முழங்கால் வலிக்கிறதென்று டாக்டரிடம் போனவளுக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 114 என்று வந்தது. அது 100-க்குள் இருக்க வேண்டும். 126-ஐத் தொட்டால் வியாதி. "வாசற்படியில் நிற்கிறீர்கள், அம்மா. உள்ளே போகப் போகிறீர்களா, திரும்பப் போகிறீர்களா?" என்று கேட்டாராம் டாக்டர்.

எங்கள் தாயார் அந்த வாசற்படியைத் தாண்டிப் போனவள். கடைசி நாலு வருஷம் அவளுக்குக் கண் தெரியவில்லை. பேரனின் முகத்தைக் கையால் தடவித்தான் பார்த்தாள். ஆகையால் அக்காவுக்கு இது அழகைப் பற்றிய விஷயமாக இல்லை.

அவள் ஒருத்தி கதையும் இல்லை இது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் உதவியோடு நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2023-ல் வெளியாயிற்று. நம் தேசத்தில் சர்க்கரை வியாதிக்காரர்கள் 10 கோடிப் பேர் என்றும், வாசற்படியில் நிற்பவர்கள் 13 கோடிக்கு மேல் என்றும் அது கணக்குச் சொல்கிறது. நல்ல செய்தியும் ஒன்று உண்டு. சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் வாசற்படியில் நின்ற 531 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்து 2006-ல் பிரசுரித்தார்கள். சாப்பாட்டையும் நடையையும் சீர் செய்து கொண்டவர்களிடம் வியாதி வருவது நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. திரும்பி வர வழி இருக்கிறது என்று அர்த்தம்.

அக்கா முதலில் என்ன செய்தாள் தெரியுமா? நீங்களும் நானும் செய்வதைத்தான். டெலிபோனில் யாரோ ஒரு அம்மாள் சொன்ன நாற்பது நாள் பத்தியத்தை ஆரம்பித்தாள். மற்றவர்களுக்குத் தோசை, அவளுக்குக் கஞ்சி. மற்றவர்களுக்கு வத்தக் குழம்பு, அவளுக்கு வெள்ளரிக்காய். நாற்பது நாளில் ஐந்து கிலோ இறங்கிற்று. வீடே மெச்சியது. அடுத்த நாலு மாதத்தில் ஆறு கிலோ ஏறிற்று. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. அதுதான் இன்னும் வேதனை.

வைராக்கியம் போதவில்லை என்று அவள் தன்னையே நொந்து கொண்டாள். எனக்கு அதில் சம்மதமில்லை. அமெரிக்காவில் மின்னசோட்டா சர்வகலாசாலையில் 1944, 45-ம் வருஷங்களில் ஆன்ஸெல் கீஸ் என்ற விஞ்ஞானி, ஆரோக்கியமான வாலிபர்கள் 36 பேரை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்துச் சோதித்தார். அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைவே இல்லாமற் போயிற்று. கனவிலும் சாப்பாடு, சிலர் உட்கார்ந்து சமையல் புத்தகம் வாசிக்க ஆரம்பித்து விட்டார்கள்! சமைக்கவே வேண்டியில்லாத வாலிபர்கள் பாடு இப்படி என்றால், ஒரு கையில் கஞ்சிக் கிண்ணத்தை வைத்துக் கொண்டு மறு கையால் நெய் விட்டு முறுகலாக எட்டுத் தோசை வார்க்க வேண்டிய பெண்பிள்ளையின் பாட்டை யோசித்துப் பாருங்கள்.

"வயதாகிவிட்டது, உடம்பில் நெருப்பு தணிந்து விட்டது" என்று சொல்லிக் கொள்கிறோமே, அதுவும் முழு உண்மை அல்ல. 29 தேசங்களில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சோதித்த ஓர் ஆராய்ச்சி 2021-ல் வெளியாயிற்று. உடம்பின் அளவையும் கணக்கில் எடுத்துக் கொண்டால், இருபதிலிருந்து அறுபது வயது வரை அந்த நெருப்பு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எரிகிறதாம். மாறுவது வேறு. சதைப் பிடிப்பு குறைகிறது. மாதவிலக்கு நிற்கும் காலத்தில் இடுப்பிலும் தொடையிலும் இருந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் குடியேறுகிறது. தூக்கம் கெடுகிறது. நடமாட்டமும் நமக்குத் தெரியாமலே சுருங்கி விடுகிறது.

அக்காவுக்கு வழி கிடைத்தது பால் கணக்கு நோட்டில். ஒரு வாரம் அதில் அவள் தான் சாப்பிட்டதை எழுதவில்லை. சமைத்தது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு, மிஞ்சியது எங்கே போயிற்று என்று எழுதினாள். வாரக் கடைசியில் என்னிடம் நோட்டை நீட்டினாள்.

"பாருடி இதை! இந்த வீட்டில் குப்பைத் தொட்டியே நான்தான்!"

வேடிக்கையாகச் சொன்னாலும் கண் கலங்கியிருந்தது. மத்தியானம் பாத்திரத்தின் அடியில் ஒரு கரண்டிச் சோறு, பிள்ளை வைத்துவிட்டுப் போன பாதித் தோசை, ஆறிப்போன இரண்டு பஜ்ஜி எல்லாம் 'வீணாகிறதே' என்று அவள் வயிற்றுக்குள் போய்க் கொண்டிருந்தன. தன் சாப்பாடு முடிந்த பிறகு!

அன்றே பத்தியத்துக்குத் தலை முழுகினாள். "எனக்கென்று தனிச் சமையல் கிடையாது. எல்லாருக்கும் ஒரே சமையல். அந்தச் சமையல்தான் மாறப் போகிறது" என்றாள். இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தனக்காக மட்டும் ஒரு காரியத்தை வருஷக் கணக்கில் செய்து கொள்ள நம் பெண்களுக்குக் கை வராது. குடும்பத்துக்கென்றால் ஆயுசு பூராவும் செய்வார்கள்.

மத்தியானத்துக்கு மூன்று ஆழாக்கு அரிசி வைத்தவள் இரண்டாகக் குறைத்தாள். கறியும் கூட்டும் இரண்டு மடங்காயின. இலையில் முதலில் அவைதான் விழும்; சோறு அப்புறம். மாமியாருக்கு இது சரிப்படவில்லை.

"வந்தவர்களுக்கு ஒரு பிடி சோறு இல்லாமல் என்ன குடும்பம், அம்மா?"

"ரவை இருக்கிறது, அத்தை. பத்து நிமிஷத்தில் உப்புமா கிண்டி விடுகிறேன்."

மிஞ்சுவது நின்றது, மிச்சத்தைத் தின்பதும் நின்றது. சாயங்கால பஜ்ஜிக்குப் பதில் சுண்டல் வந்தது: ஒரு நாள் கடலை, ஒரு நாள் பட்டாணி, ஒரு நாள் பச்சைப் பயறு. நவராத்திரி ஒன்பது நாள் மட்டும்தான் சுண்டல் சாப்பிடலாம் என்று எந்த சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது? புரதமும் நாரும் உள்ள பண்டம். ராத்திரி வரை பசியைத் தாங்கும்.

எண்ணெய் விஷயத்தில் அவள் கெட்டிக்காரத்தனத்தைக் கேளுங்கள். தாளிக்கும்போது ஸ்பூனால் அளக்கும் பொறுமை யாருக்கு உண்டு? மாதத்துக்கு நாலு லிட்டர் வாங்கியவள் இரண்டரை லிட்டர் வாங்கினாள். இருப்பதைக் கொண்டு மாதத்தை ஓட்ட நமக்கா சொல்லிக் கொடுக்க வேண்டும்? கணக்குப் போட்டால் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி குறைகிறது. காப்பிக்குச் சர்க்கரை இரண்டு ஸ்பூனிலிருந்து ஒன்றானது. ஒரேயடியாக அல்ல; வாரத்துக்குக் கால் ஸ்பூன் வீதம், எல்லாருடைய டம்ளரிலும்.

சாப்பாடானதும் அரை மணி மாட வீதிகளில் நடை. பத்தாயிரம் அடி நடந்தே தீர வேண்டும் என்று பயமுறுத்துகிறார்களே, அது 1965-ல் ஜப்பானில் ஒரு கம்பெனி அடி எண்ணும் கருவியை விற்கப் பிடித்த எண்! வயதான ஸ்திரீகளை வைத்து அமெரிக்காவில் 2019-ல் வெளிவந்த ஆராய்ச்சியில் 4,400 அடியிலேயே நல்ல பலன் தெரிந்தது. 7,500-க்கு மேல் பலன் அதிகமாக ஏறவில்லை. சதைப் பிடிப்புக்காக நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதைத் தினம் இருபது தரம் செய்தாள். அம்மியையும் உரலையும் திரும்பக் கொண்டு வாருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவற்றோடு நம் பாட்டிமார் பட்ட பாடு போதும்.

முதல் வருஷம் ஐந்து கிலோ குறைந்தது. பிறகு நாலு மாதம் 72-லேயே முள் அசையாமல் நின்றது. பெரும்பாலோர் கை விடுவது இந்த இடத்தில்தான். எடை குறைந்த உடம்பு குறைந்த செலவில் குடித்தனம் நடத்தக் கற்றுக் கொள்கிறது. அதனால் முள் நிற்பது சகஜம். அக்கா கை விடவில்லை. விடுவதற்கு என்ன இருந்தது? சமையலே அதுதானே! தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும் தின்றாள். ஒரு கிலோ ஏறி, கார்த்திகைக்குள் இறங்கிற்று.

இப்போது மூன்றாவது வருஷம். எடை 69-க்கும் 70-க்கும் நடுவே நிற்கிறது. சர்க்கரை 98. முழங்கால் மாடிப்படி ஏற விடுகிறது.

2025-ல் நம் நாட்டுக்கும் இளைக்க வைக்கும் ஊசிகள் வந்திருக்கின்றன. தேவைப்படுகிறவர்களுக்கு அவை நல்ல மருந்துதான். ஆனால் நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பி விடுகிறது. இன்னொன்று: சர்க்கரைக்கு மாத்திரையோ இன்ஸுலினோ எடுத்துக் கொள்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் சோற்றைக் குறைக்கக் கூடாது. மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும்.

அத்தானுக்கும் மூன்று கிலோ இறங்கியிருக்கிறது. ஆபீஸில் மாடிப்படி ஏறுவதன் பலன் அது என்று எல்லாரிடமும் சொல்லிக் கொண்டிருக்கிறார். காப்பியில் சர்க்கரை பாதியானது அவருக்கு இன்று வரை தெரியாது. இந்த இதழ் அவர் கையில் சிக்காமல் பார்த்துக் கொள்வது அக்காவின் பொறுப்பு.