அறிவித்தவர் யார்?



நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் போகும் ஓர் ஆசிரியரைப் பற்றி நாம் விசாரிப்பதெல்லாம் அவர் என்ன படித்திருக்கிறார் என்பதைத்தான். படித்ததைக் கொண்டு அவர் எப்படி ஒரு முடிவுக்கு வருகிறார் என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் ஊரில் தடுப்பூசி முகாம் என்று அறிவிப்பு வந்தால், தாய்மார்களில் பலர் முதலில் கேட்பது மருத்துவரையன்று. மக்தபில் ஓதிக் கொடுக்கும் உஸ்தாதையும் பள்ளிக்கூட ஆசிரியையையும்தான். அவர்கள் 'வேண்டாம்' என்று சொல்லும் ஒரு சொல்லில் ஒரு தெருவே நின்றுவிடும்.

2017 பிப்ரவரியை எண்ணிப் பாருங்கள். தட்டம்மை, ரூபெல்லா ஆகிய இரு நோய்களுக்கும் சேர்த்து ஒரே தடுப்பூசி, 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தமிழகம், கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகிய பகுதிகளில் போடப்பட்டது. உடனே வாட்ஸ்அப்பில் வதந்திகள் கிளம்பின. 'எங்கள் பிள்ளைக்கு வேண்டாம்' என்று பள்ளிகளுக்குக் கடிதங்கள் சென்றன. தமிழகத்தில் முகாமின் நாளை நீட்டிக்க வேண்டியதாயிற்று. மறுத்தவர்கள் நம் சமுதாயத்தார் மட்டும் அல்லர். எனினும் நம் வீடுகளிலும் அந்த அச்சம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

சென்ற கோடை விடுமுறையில், ஓதி முடிக்கும் தறுவாயிலிருந்த மாணவர்களுக்கும், பி.எட். பயிலும் சில இளைஞர்களுக்கும் கற்பித்தல் பயிற்சி அளிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அந்த முகாமையே ஒரு கேள்வியாக அவர்கள்முன் வைத்தேன். 'ஒரு தாய் வந்து, என் பிள்ளைக்கு இந்த ஊசியைப் போடலாமா என்று கேட்கிறாள். என்ன சொல்வீர்கள்? ஏன் அப்படிச் சொல்வீர்கள்?'

விலங்கியல் பட்டதாரி ஒருவர் தடுப்பூசி உடலுக்குள் எவ்வாறு வேலை செய்கிறது என்று ஒரு பக்கம் அழகாக எழுதியிருந்தார். (கலைப் பட்டதாரியாகிய எனக்கே விளங்கும்படி எழுதியிருந்தார்!) அடுத்த பக்கத்தில், 'ஆனால் என் தங்கைக்குப் போட வேண்டாம் என்பேன், ஊசி போட்ட மறுநாள் ஒரு பையன் மயங்கி விழுந்ததாக மாமா சொன்னார்' என்று முடித்திருந்தார். தேர்வுக்குப் படித்த அறிவு ஒரு பக்கம். வாழ்க்கைக்கான முடிவு மறுபக்கம். இடையில் பாலம் இல்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை அறியாதவரா அவர்? அறிவார். மாமா சொன்னதும் மறந்துவிட்டார்.

மற்றவர்களும் ஏறத்தாழ அப்படியே. 'அரசாங்கம் சொல்கிறது, ஆகவே போடலாம்' என்று சிலர். 'அரசாங்கம் சொல்கிறது, ஆகவே வேண்டாம்' என்று சிலர். இரண்டும் ஒரே வகைச் சிந்தனை என்பது என் கருத்து. ரூபெல்லா பிள்ளைக்கு வந்தால் பெரும்பாலும் இலேசான காய்ச்சலோடு போய்விடும். ஆனால் அது கருவுற்ற பெண்ணுக்குத் தொடக்க மாதங்களில் தொற்றினால், பிறக்கும் குழந்தைக்குக் காது கேளாமை, கண்புரை, இதயக் கோளாறு ஆகியவை நேரலாம். தன் பிள்ளைக்குப் போடும் ஊசி அடுத்த வீட்டுப் பெண்ணின் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் காவல். இந்தக் கணக்கை எழுதியவர் ஒரே ஒருவர்தான்.

மறுநாள், அக்காலத்தில் சுற்றிய வதந்தி ஒன்றைப் படித்துக் காட்டினேன். 'இதற்கு ஸனத் எழுதுங்கள்' என்றேன். ஹதீஸின் அறிவிப்பாளர் தொடரை ஆராயக் கற்றவர்கள் அல்லவா அவர்கள்? யார் யாரிடமிருந்து கேட்டார், இருவரும் சந்தித்தார்களா, அவர் நினைவாற்றல் எத்தகையது, நேர்மையாளரா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்பவர்கள். சற்று நேரம் அமைதி. பிறகு ஒருவர் சிரித்துவிட்டார்: 'ஹஜ்ரத், இதில் ராவியே இல்லை! யாரோ ஒரு டாக்டர் என்றுதான் இருக்கிறது. இவர் மஜ்ஹூல்.' யாரென்றே அறியப்படாத அறிவிப்பாளர் என்று பொருள்.

இன்னொருவர் விடவில்லை. 'அப்படியானால் சுகாதாரத் துறையின் அறிக்கைக்கும் ஸனத் கேட்கலாமா?' என்றார். கேட்கத்தான் வேண்டும் என்றேன். பெயரும் பட்டமும் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு 1998இல் நடந்ததைக் கூறினேன். ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற இங்கிலாந்து மருத்துவர், தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்குமான தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்று லான்செட் இதழில் எழுதினார். அவர் வைத்துக்கொண்ட ஆதாரம் 12 குழந்தைகள். பின்னர் விசாரணையில் அவர் நேர்மை தவறியது தெரியவந்தது. 2010இல் அந்த இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அவ்வாண்டே மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் நீக்கப்பட்டார். அதற்கு முன்பே, 2002இல், டென்மார்க்கில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் அத்தகைய தொடர்பு எதையும் காணவில்லை. 'முதலாவது, நேர்மையில் குறை கண்டறியப்பட்ட தனி ஒருவர் அறிவித்தது. மற்றது முதவாத்திரை ஒத்தது' என்று மாணவர்களே தரம் பிரித்தார்கள். ஹதீஸ் கலை வேறு, மருத்துவம் வேறு, முற்றிலும் பொருந்தாது. ஆனாலும் எங்கே ஐயம் கொள்ள வேண்டும், எங்கே நம்பலாம் என்ற பழக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

மிகக் கடினமான கேள்வி கடைசியில் வந்தது. 'ஊசி மருந்தில் பன்றியிலிருந்து எடுத்த பொருள் இருந்தால்?' இதைக் கேட்ட மாணவரை அடக்கிவிடுவது எளிது. அது நேர்மையான கேள்வி. 2018 ஆகஸ்டில் இந்தோனேசிய உலமாக்கள் பேரவை இதே கேள்வியை எதிர்கொண்டது. இந்தியாவில் தயாரான தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியின் தயாரிப்பில் பன்றியிலிருந்து பெறப்பட்ட பொருள் பயன்பட்டிருப்பதை அது ஒளிக்கவில்லை; ஹராம் என்றே சொன்னது. எனினும் ஹலாலான மாற்று இல்லாததையும், நோயின் ஆபத்தைப் பற்றி வல்லுநர்கள் கூறியதையும் கருதி, நிர்ப்பந்த நிலையில் பயன்படுத்தலாம் என்று தீர்ப்பளித்தது. மருத்துவரும் மார்க்க அறிஞரும் அவரவர் அறிந்ததைச் சொல்லி எட்டிய முடிவு அது.

உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் புறப்பட்ட வழியில், ஸர்க் என்னுமிடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேள்வியுற்றார்கள். முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள், கருத்து வேறுபட்டது. அன்சாரிகளிடமும் அவ்வாறே. குறைஷி முதியோர் திரும்பிவிடச் சொன்னார்கள். 'அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள்?' என்ற கருத்தில் அபூ உபைதா (ரலி) வினவியபோது, ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்று விளக்கினார்கள். அதன் பின்னரே அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து, அதற்கு இசைவான நபிமொழியை அறிவித்தார்கள். இந்த நிகழ்ச்சியை என் மாணவர்கள் அனைவரும் ஓதியிருந்தனர். ஆயினும் கலீஃபா யார் யாரைக் கேட்டார்கள், மறுப்புக்கு எப்படி விடையளித்தார்கள் என்று வரிசையாகச் சொல்ல அவர்களுக்கு நேரம் பிடித்தது.

பன்றியைப் பற்றிக் கேட்ட மாணவர் இரண்டாம் முறை எழுதிய விடையிலும் 'ஹலாலான மருந்து வரும்வரை என் மனம் ஒப்பாது' என்றே இருந்தது. ஆனால் அதன் கீழே, 'கேட்கும் தாயிடம் இது என் மனநிலை என்று மட்டும் சொல்வேன். இந்தோனேசியத் தீர்ப்பையும் சொல்வேன். அடுத்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாரா என்றும் கேட்பேன்' என்று சேர்த்திருந்தார். பத்துக்கு எட்டு மதிப்பெண் அளித்தேன். 'போடலாம்' என்று ஒரே வரியில் எழுதியவருக்கு மூன்றுதான்.

வரும் விடுமுறையில் பிறையையும் வானியல் கணக்கையும் பற்றிக் கேட்பதாக இருக்கிறேன். செய்தி எப்படியோ கசிந்து, இப்போதே இரு கட்சியாகப் பிரிந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.